பிஷப் மாளிகையின் தரை

எனக்கு எழுத அவ்வளவாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கோயில் பெண்களோடு எங்கள் ஃபிஜித் தலைநகர் சுவாவுக்குப் போய்ப் பழைய பிஷப் மாளிகையைப் பார்த்தேன். மரத்தரையின் மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அம்மா அங்கேதான் வேலை செய்தாள். பாதித் தேங்காய் மட்டையை வலது காலால் மிதித்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தரையைத் தேய்ப்பாள்.

"சுவரோரமா நடடி. நடுவுல கால வச்சே, ஒடிச்சிருவேன்!"

"பிசப்பு மட்டும் நடக்கலாமா?"

"அவரு பூட்ஸோட நடக்கத்தான்டி நான் தேய்க்கிறேன்" என்பாள். சிரிக்கமாட்டாள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இந்தியர் வீடு என்று எங்கள் வீட்டிலும் கல் விழுந்ததும், அண்ணன் அம்மாவைச் சிட்னிக்குக் கூட்டிப்போனான். அங்கே வீடு முழுக்கக் கம்பளம். "இத எதப் போட்டுத் தேய்க்கிறது?" என்று போனில் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

மாளிகையைச் சுற்றிக் காட்டிய பெண், கட்டிய பிஷப்பையும் மரம் வந்த கப்பலையும் பற்றிச் சொன்னாள். இந்தப் பளபளப்பு மரத்தின் குணமாம். "நடுவில் வாங்க, ஆன்ட்டி" என்று இந்தியில் கூப்பிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், இந்த வயதிலும் சுவரோரமாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அது என்ன மரம் என்று யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். தேய்த்தவள் பெயர் முனியம்மா. அதை மட்டும் விசாரிக்க வேண்டாம்.