பாச்சை உருண்டை தின்ற சிப்பாய்

1930களின் நடுவில், ஒரு ஜனவரி மாதம். சாந்தோமில் கடற்கரையை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் டீச்சர். கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. குழந்தை இல்லாத எங்களுக்குச் சிப்பாய் என்ற நாட்டு நாய்தான் எல்லாம். எதிர்வீட்டு ஜட்காக்கார பாய்க்கோ அவனைக் கண்டாலே ஆகாது. அவருடைய குதிரையைப் பார்த்துத் தினமும் குரைப்பான். அதில் எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை.

அன்று சனிக்கிழமை. மழையில் ஈரம் ஏறிய டிரங்குப் பெட்டியை முற்றத்து வெயிலில் காயவைத்தேன். பூச்சி அரிக்காமலிருக்கப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைப்பதற்காக எட்டுப் பாச்சை உருண்டைகளைப் பழைய துணியில் முடிந்து, பெட்டிமேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். கிறிஸ்துமஸ் கேக் சுற்றி வந்த துணி அது. நெய் வாசனை போயிருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தால் துணி கிழிந்து கிடக்கிறது. மூன்று உருண்டைகள்தான் மிச்சம். சிப்பாயின் வாயில் எச்சில் ஒழுகியது. மூச்சில் அந்த நெடி. எழுந்தவனுக்குப் பின்னங்கால் தள்ளாடியது.

கணவரும் வீட்டில் இல்லை. பேதியானால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்து விளக்கெண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்து, அழுதுகொண்டே அவன் வாயைத் திறக்கப் பார்த்தேன். சத்தம் கேட்டு பாய் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாமா ஆச்சு?”

சொன்னேன். விறுவிறுவென்று உள்ளே வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

“எண்ணெ ஊத்தாதேமா. எங்க ஆடு இதே உருண்டையத் துன்னுச்சு. இப்டித்தான் ஊத்தினோம். அந்த எண்ணெயே வெசத்தக் கரைச்சு ஒடம்புல எறக்கிடுச்சுன்னு குதிரை டாக்டரு சொன்னாரு. ஆடு போய்டுச்சு.”

“பாலாவது கொடுக்கட்டுமா, பாய்?”

“அதுவும் வாணாம், அதுலயும் கொழுப்பு கீது. மிச்சம் கீற உருண்டைய எடுத்துக்க. வண்டி பூட்டறேன்.”

அப்போதுதான் அவிழ்த்துத் தீனி வைத்திருந்த குதிரையை மறுபடி பூட்டினார். சிப்பாயை மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன். லஸ் முனையில் டிராமுக்கு முன்னால் வண்டியை ஒடித்துத் திருப்பிய வேகத்தில் எனக்கு உயிரே போய் வந்தது. ராயப்பேட்டையில் அந்த டாக்டர் வீட்டு வாசலில் போய்த்தான் வண்டி நின்றது.

டாக்டர் மிச்ச உருண்டைகளை முகர்ந்து பார்த்தார். “எத்தனை தின்றது?”

“ஐந்து.”

“நிச்சயமாகத் தெரியுமா?”

“எட்டு எண்ணித்தான் துணியில் முடிந்தேன்.”

வாந்தி வருவதற்கு ஓர் ஊசி போட்டார். சில நிமிஷத்தில் சிப்பாயின் உடம்பு குலுங்கியது. முதலில் இரண்டு உருண்டைகள் வந்து விழுந்தன. அப்புறம் ஒன்று. பாய் தரையில் குந்தி உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு கீது” என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான்காவது வந்தது. பிறகு வெறும் நுரைதான். கடைசியில் ஒரு பெரிய உலுக்கலோடு ஐந்தாவதும் வந்து தரையில் உருண்டது.

“அஞ்சு!” என்று பாய் போட்ட கூச்சலில் டாக்டரே சிரித்துவிட்டார்.

விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீர் கறுக்கும், கறுத்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர். மூன்று நாள் அவன் பின்னாலேயே திரிந்தேன். கறுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு சட்டிச் சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு, கடற்கரை மணலில் காக்கைகளைத் துரத்திக்கொண்டு ஓடினான். நானும் டீச்சர் என்பதை மறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான்.

இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது என்றால் என் கை முதலில் மருந்து அலமாரிக்குத்தான் போகிறது. தெரிந்து கொடுக்கிறேனா, பயத்தில் கொடுக்கிறேனா என்று ஒரு தரம் என்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் அதைத் திறக்கிறேன்.