பால் லாரி வெர்னாவும் கல்யாண கேக்கும்

வெர்னா டாலஃப்சன் இருபத்திரண்டு வருஷம் பால் டேங்கர் லாரி ஓட்டியவள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐட்ஸ்விக் ஊரைச் சுற்றியிருந்த பண்ணைகளில் பால் எடுத்து, பால் நிலையத்தில் இறக்குவாள். டேங்கர் பாதி நிரம்பியிருக்கும்போதுதான் சனியன். பிரேக் போட்டால் லாரி நிற்கும், பால் நிற்காது. முன்சுவரில் போய் மோதி லாரியையும் ஒரு தள்ளு தள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்ற லாரியைப் பால் நாலடி முன்னே நகர்த்திவிட்டது. சாலையைக் கடந்துகொண்டிருந்த பாதிரியார் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

இடுப்பு வலி வந்து லாரியை விட்டதும், கோடை விடுமுறையில் பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொண்டது. முதல் நாளே பிள்ளைகளைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போவாள். இருபது மைல் வேகத்தில் வந்து பிரேக் போட்டுக் கார் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழிப்பாள்.

"இப்ப நாப்பதுல வரேன். எங்க நிக்கும், சொல்லுங்க?"

எல்லோரும் இரண்டு மடங்கு தூரத்தில் போய் நிற்பார்கள். கார் அவர்களைத் தாண்டி, நாலு மடங்கு தூரத்தில் போய் நிற்கும். நல்லவேளையாக அவர்களை முன்கூட்டியே ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பாள்.

"ரோட்டுல ஒரு கன்னுக்குட்டி நின்னுச்சுன்னு வை. உன் கணக்கு தப்புன்னு அதுக்குத் தெரியுமா?" என்பாள்.

1987 கோடையில் அவளுக்கு வாய்த்தவள் ஜேனல் பிரெக்கே. நல்ல பெண், ஆனால் பிரேக் போடும் விஷயத்தில் மட்டும் யோசனைக்காரி. பயிற்சிக் காரில் வெர்னாவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். ஒரே பாடத்தில் பதினோரு தடவை வெர்னாதான் முந்தி மிதிக்க வேண்டியிருந்தது.

"நான் மிதிக்கத்தான் போனேன் டீச்சர்!"

"போன. போய்ச் சேரலையே."

ஜேனலின் கடைசிப் பாடம் ஜூன் மாசத்து ஒரு சனிக்கிழமை காலை. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வெர்னாவுக்குக் கல்யாணம். ஐம்பத்தாறு வயதில் முதல் கல்யாணம். மாப்பிள்ளை, பால் நிலையத்தில் இருபது வருஷம் அவள் கொண்டுவந்த பாலை எடைபோட்ட ஆரின் ஹாக்டால். அத்தனை வருஷமும் எடையைத் தவிர வேறு பேச்சு பேசாத மனுஷன்.

பாடத்தைத் தள்ளிவைக்க வெர்னாவுக்கு மனசு வரவில்லை. கல்யாண கேக்கைச் செய்தவள் அக்கா ஆர்டிஸ், அவள் பண்ணையோ சர்ச்சிலிருந்து பன்னிரண்டு மைல். சரி, இரண்டு வேலையும் ஒரே வழியில் முடியட்டும் என்று ஜேனலை ஓட்டவிட்டு அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

"இந்தப் பொண்ணா ஓட்டுது? என் கேக்க வச்சா?" ஆர்டிஸ் வாயைப் பிளந்தாள். "ரெண்டு நாள் வேலைடீ இது!"

கீழ் அடுக்குகள் இரண்டும் மரப்பெட்டியில், பின்சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்துகொண்டன. மேல் அடுக்கைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள் ஆர்டிஸ்.

"அதையும் பெட்டிக்குள்ள வைக்கா. கையால பிடிச்சா நிக்காது."

"நான் பிடிச்சா நிக்கும். நீ உன் வேலையப் பாரு."

ஜேனல் ஓட்டினாள். சரளைக்கல் சாலையில் வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்பினாள். கேக் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. இறக்கத்திலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முன்கூட்டியே எடுத்தாள். பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆர்டிஸிடமிருந்து அதுவே பெரிய சர்டிபிகேட்.

சர்ச்சுக்கு மூன்று மைல் இருக்கும்போது பள்ளத்துப் புல்லிலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளிக் குதித்து நடுரோட்டில் வந்து நின்றது.

வெர்னாவின் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. பிரேக் அங்கே இல்லை. அவள் கால் போவதற்குள் அது ஏற்கெனவே தரையோடு இறங்கியிருந்தது. ஜேனல் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்திருந்தாள். சரளைக்கல் சரசரவென்று இழுபட்டது. கார் நின்றது. கேக்கின் மேல் அடுக்கு மட்டும் நிற்கவில்லை. காலையில் பார்லரில் சுருட்டிவிட்ட வெர்னாவின் கொண்டையை உரசிக்கொண்டு போய் முன்கண்ணாடியில் அப்பி, பிறகு மெல்ல அவள் மடியில் இறங்கியது.

கன்று அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் எதிர்ப்பக்கப் புல்லுக்குள் போனது.

ஜேனல் அழ ஆரம்பித்தாள். "டீச்சர்... உங்க கல்யாணம்..."

வெர்னா குலுங்கினாள். அழுகிறாளோ என்று ஆர்டிஸ் பயந்து எட்டிப் பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள் வெர்னா.

"யாருடி முதல்ல மிதிச்சது? சொல்லு, யாரு?"

"நான்... நானா?"

"நீதான்! என் கால் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!" அவளை இழுத்து அணைத்ததில் ஜேனலின் கன்னத்திலும் கிரீம்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சிக்கங்க. எனக்குன்னு வெறும் தட்டுதான் மிச்சம்," என்றாள் ஆர்டிஸ். சொல்லிவிட்டுத் தட்டின் ஓரத்தை விரலால் வழித்து நக்கினாள். "எலுமிச்ச கொஞ்சம் தூக்கல்."

சர்ச் வாசலில் கோட்டும் டையுமாக நின்ற ஆரின், மணப்பெண் இறங்கி வருவதைப் பார்த்தார். அவள் தலையெல்லாம் வெள்ளைக் கிரீம். நிதானமாகப் பக்கத்தில் வந்து அவள் காதோரம் ஒரு துளியை எடுத்து வாயில் வைத்தார்.

"நல்லாருக்கு. மீதி எங்க?"

சர்ச் சமையலறைத் தொட்டியில் பெண்கள் சேர்ந்து அவள் தலையை அலசிவிட்டார்கள். ஈரத் தலையோடுதான் மோதிரம் மாற்றிக்கொண்டாள். மிஞ்சிய இரண்டு அடுக்கும் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. பந்தியில் மேசைக்கு மேசை போய் ஆர்டிஸே கதையைச் சொன்னாள். மூன்றாவது மேசையில் கன்று எருமை அளவுக்கு வளர்ந்திருந்தது.

பதினாறு முடிந்த வாரத்தில் ஜேனல் முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினாள். வெர்னா மேலும் ஒன்பது கோடைகள் கற்றுக்கொடுத்தாள். அந்தக் கல்யாண சாயங்காலம் யாரோ அக்கார்டியன் வாசிக்க, ஆரினோடு ஆட ஆரம்பித்தபோது அவளுடைய இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இருபது வருஷம் பேசாத ஆரின் ஆட்டம் முடியும்வரை வாய் ஓயாமல் பேசினார்.