மீதி அடுத்த ஊடைக்கு

‘மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் தொங்கவிட்டு, ஆறடி தள்ளி நின்று பார்த்து முடிவு செய்யவேண்டும்.’ இது எங்கள் விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் விதி. எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் நான் குமாஸ்தா. அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். எங்கள் அதிகாரிக்கு இழை எண்ணும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது கையில் இருக்கும்போது ஆறடி தள்ளி நிற்பது அவருக்குக் கௌரவக் குறைவு.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். சேலை முந்தியில் அரக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாக மாறவேண்டும் என்பது அவர் ஆசை. மாதிரி தேறினால்தான் சங்கம் தறியில் நெடுக்காகக் கட்டும் நூலை, அதாவது புதுப் பாவை, கொடுக்கும். தறியில் இரண்டு முழப் பாவுதான் மிச்சம். அது தீர்ந்தால் தறி காலி. குறுக்கே ஓட்ட அவரிடம் இருந்த ஊடை நூலோ இரண்டே நிறம். அரக்கு, பச்சை. இடைப்பட்ட நிறம் எதுவும் கிடையாது.

கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டேன். ஒவ்வோர் ஊடைக்கும் பச்சையின் பங்கு பதினாறில் எத்தனை என்று எழுதினேன். எட்டுக்குக் குறைந்தால் அரக்கு, எட்டும் அதற்கு மேலும் பச்சை. அலுவலகத்தில் பின்னங்களை அப்படித்தான் தீர்த்துக்கட்டுவோம். ஒரு முழம் நெய்து, கணவனும் மனைவியுமாகக் கொண்டுவந்தார்கள். பாதி வரை ஒரே அரக்கு, அப்புறம் பட்டென்று பச்சை.

“இன்னா சார் இது? வெள்ளம் வடிஞ்ச செவுரு மாதிரி இருக்குது!” என்றார் அந்த அம்மா.

“முறைப்படிதாம்மா போட்டேன்.”

“மீதியெல்லாம் நீ பாட்டுக்குக் கடாசிட்டா எப்டி சார்? அத்த அடுத்த ஊடையில சேக்க வேணாமா?”

மிச்சமிருந்த ஒரு முழத்தை அந்த அம்மாவே தம் வழியில் நெய்தார். தறியோரம் ஒரு கிண்ணம், மடியில் புளியங்கொட்டை. முந்தியின் தொடக்கத்தில் ஊடைக்கு ஒரு கொட்டை, கொஞ்சம் தள்ளி இரண்டு, பிறகு மூன்று என்று கிண்ணத்தில் போடுவார். பதினாறு சேரும்வரை அரக்கு நூல் ஏற்றிய நாடாவே தறியில் குறுக்கே ஓடும். சேர்ந்ததும் பதினாறை எடுத்துவிட்டு ஒரு பச்சை. கிண்ணத்தில் தங்கியது அடுத்த ஊடையின் கணக்கில் சேரும்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு டிஜிட்டல் பாட்டுப் பெட்டி வாங்கி, வழக்கம்போல் பாட்டு கேட்பதற்கு முன் கையேட்டைப் படித்தபோது இதே கிண்ணக் கணக்கு அதில் இருந்தது. எண்களாக இருக்கும் இசையை மின்னோட்டமாக்கும் பகுதிக்குச் சில படிகள்தான் தெரியும். இசையின் அளவோ படிகளுக்கு இடையில் விழுகிறது. அது அருகிலுள்ள படியைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன பிழையை அடுத்த எண்ணில் சேர்க்கிறது. இசைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வேகத்தில் இதைச் செய்கிறது. பிழை ஒழிவதில்லை. காதுக்கு எட்டாத உச்ச அதிர்வெண்களுக்கு இரைச்சலாகத் தள்ளப்படுகிறது. அங்கே ஒரு வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் துறையிலும் தொல்லை தரும் ஊழியரை வேலையைவிட்டு நீக்குவதில்லை. யார் கண்ணிலும் படாத ஊருக்கு மாற்றிவிடுவோம்.

அந்த அம்மா நெய்த இரண்டாவது மாதிரியில் பிழையெல்லாம் மயிரிழைக் கோடுகளாக ஒளிந்திருந்தது. ஆறடி தள்ளி நின்றால் அரக்கு தானாகப் பச்சையில் கரைந்தது. அதிகாரி கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குனிந்தார்.

“என்னய்யா இது, ஈரு புடிச்ச தலை மாதிரி? ரிஜெக்ட்!”

“சார், ஆறடி...”

“கண்ணாடி எதுக்குய்யா குடுத்திருக்காங்க?”

நியாயமான கேள்வி. அதையே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்: ‘ஆறடி என்பது அதிகாரியின் கண்ணிலிருந்தா, கண்ணாடியிலிருந்தா என்று தெளிவுபடுத்தக் கோருகிறோம்.’ விளக்கம் வரும்வரை மாதிரியை நிராகரிக்க முடியாது. அதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார். நிலுவையிலுள்ள மாதிரியைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. அவர் மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன்.

நாலாம் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரு நெய்ஞ்சதுய்யா? பிரமாதமா இருக்கே! உடனே பாவு குடுக்கச் சொல்லு.”

“அந்த ஈரு புடிச்ச தலைதான் சார்.”

கண்ணாடியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். “சரி, பாஸ் பண்ணிடு.”

முடியாது. விளக்கம் நிலுவையில் இருந்தால் நிராகரிக்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது. விதியை எடுத்துக் காட்டவேண்டியவனும் நான்தான்.

ஐயம்பேட்டை நெசவாளர், வேறொருவருடைய தறியில் கூலிக்கு நெய்யப் போனார். அந்த அம்மா மட்டும் வாரம் தவறாமல் வாலாஜாபாத் பஸ்ஸில் வந்து இறங்குவார்.

“பதில் வந்துச்சா சார்?”

“இல்லம்மா.”

“ஒன்ன யாரு சார் கேள்வி கேக்கச் சொன்னது? தறியில பல்லி முட்ட வச்சிருக்குது.”

நினைவூட்டல்கள் மூன்று அனுப்பினேன். மூன்றாவதில் அதிகாரி தம் கையாலேயே ‘மிக அவசரம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

‘ஆறடி கண்ணிலிருந்து, கண்ணாடி இழை எண்ண மட்டும்’ என்ற ஒற்றை வரிப் பதிலும், அதன்பேரில் பாவு வழங்க உத்தரவும் எங்களுக்குக் கிடைத்தது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.