பிரேக் போடும்போது குளிர்

ஹெப்சிக்கு நாற்பத்தாறு வயது. மறைமலை நகரில், வண்டிகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும், ஏசி எப்போது ஓடலாம், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். எப்படி முடிவு செய்வது என்று பெட்டிக்கு எழுதிக் கொடுப்பது ஹெப்சி. சேலையூர் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கமாட்டாள். நிறுவனம் பதிவு செய்த ஒன்பது கண்டுபிடிப்புகளில் அவள் பெயர் இருந்தது. எல்லாவற்றிலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான்.

போன மே மாதம் ஒரு புகார் வந்தது. தனியார் ஆம்புலன்ஸ் வண்டிகளில் நோயாளி படுத்திருக்கும் பின்பகுதி குளிர்வதே இல்லை, ஏசியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. போய்ப் பார்த்து வா என்றார் மேலாளர் ஷ்யாம்சுந்தர்.

கூடுவாஞ்சேரியில் நின்ற வண்டியில் ஹெப்சி லேப்டாப்போடு ஏறினாள். டிரைவர் தசரதனுக்கு ஐம்பது வயதிருக்கும், சொந்த ஊரே கூடுவாஞ்சேரிதான். பின்பகுதியில் மூன்று இடங்களில் வெப்பமானி ஒயர்களை ஒட்டி முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. மூச்சுத் திணறும் ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்குக் கிளம்பினார்கள். கூட வந்த மகள், ஸ்கேன் கவரால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

வண்டலூர் தாண்டும்போது திரையில் முப்பத்தைந்து டிகிரி. தசரதன் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதெல்லாம் ஏசி நின்றது. இன்ஜினின் முழுச் சக்தியும் சக்கரத்துக்குப் போகட்டும் என்று, பத்து விநாடி நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த எப்போதோ ஒருமுறை மிதிப்பவர்களுக்கு அது சரி. ஜிஎஸ்டி ரோட்டில் சைரனோடு போகிற வண்டி நிமிடத்துக்கு மூன்று முறை மிதிக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பத்து விநாடியை எழுதியது ஹெப்சிதான். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

"ஏசி ரிப்பேராக்கா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. சரியாத்தான் ஓடுது."

வியர்வை ஹெப்சியின் கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் தசரதன் கேட்டார்: "கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?"

"நான் எழுதுனதுதாண்ணா தப்பு. நீங்க மிதிச்சா ஏசி நிக்கும். நிக்காம பண்ணா வண்டிக்கு இழுவை போயிடும்."

"அது எனக்கே தெரியும். முழுசா மிதிச்சா காத்து சூடாயிடும்னு ரெண்டு வருஷமா பாத்துகினுதான் கீறேன்." டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "மிதிக்கிற அளவுக்குப் பிரேக்கும் போடுறேன்ல மேடம்? பிரேக் போடுறப்போ இன்ஜின் சும்மாதான சுத்துது. அந்த நேரத்துல ஏசிய ஃபுல்லா ஓட வுட்டு குளிர சேத்து வெச்சிக்க முடியாதா?"

ஹெப்சி டம்ளரைக் கீழே வைத்தாள். அலுவலகத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசியும் யாருக்கும் இது தோன்றியதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆனது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே கம்ப்ரஸர் முழு மூச்சாக ஓடும், மிதித்தால் நிற்கும், அதற்குள் சேர்ந்த குளிர் தாக்குப்பிடிக்கும். தசரதனையே ஓட்டச் சொல்லி அதே சாலையில், உச்சி வெயிலில், பதினேழு முறை போய்வந்தாள். முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனாள். கடைசி நாள் பின்பகுதி இருபத்தெட்டு டிகிரியில் நின்றது.

ஷ்யாம்சுந்தருக்கு மகிழ்ச்சி. காப்புரிமை விண்ணப்பத்தை அவரே நிரப்பத் தொடங்கினார். "இந்த தடவ உன் பேருதான் முதல்ல, ஹெப்சி."

"யோசன தசரதனோடது சார். அவர் பேரும் வரணும்."

"அவர் நம்ம கம்பெனி ஆளே இல்லியே. லீகல்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"அப்ப நான் கையெழுத்துப் போடல சார்."

சண்டை போடத் தெம்பில்லாததால் அதை மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த பதினோரு நாள் ஷ்யாம்சுந்தர் அவளிடம் நேராகப் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வீட்டில் கணவர் பென்னி, "விட்டுடேன், உனக்கு எதுக்கு இது?" என்றார். பன்னிரண்டாம் நாள் சட்டப் பிரிவிலிருந்து ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது: பெயர் சேர்க்க அந்த டிரைவரின் ஆதார் நகல் வேண்டும்.

தசரதன் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் மனைவி கனகவல்லி கேசரி கிண்டி வைத்திருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் எல்லாம் முடிந்துபோயிற்று. விண்ணப்பம் போடுமுன் வழக்கமாகத் தேடிப் பார்ப்பார்கள். அப்படித் தேடியதில், வெளிநாட்டில் யாரோ ஒருவர் இதையே பதினான்கு வருடங்களுக்கு முன் எழுதிப் பதிவு செய்திருப்பது தெரிந்தது. கட்டணம் கட்டாமல் அது காலாவதியும் ஆகிவிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இனி யார் பெயரிலும் பதிய முடியாது.

போனில் சொல்ல மனமில்லாமல் ஹெப்சி கூடுவாஞ்சேரிக்கே போனாள். தசரதன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு ஹோஸை மூடினார்.

"அப்போ அங்கயும் ஒருத்தன் பிரேக் போட்டுகினு இதையேதான் யோசிச்சிருக்கான்."

"ஆமாண்ணா."

"கனகா கிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா, இத்தினி நாளா பீலா வுட்டுகினு இருந்தேன்னு நெனப்பா."

அங்கேயே நின்று, அவருடைய போனிலேயே ஹெப்சி கனகவல்லியிடம் சொன்னாள். சரியாகச் சொல்ல வராமல் இரண்டு முறை சொன்னாள்.

"சரி மேடம். அந்த ஆதார் ஜெராக்ஸ மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. வேற எதுலயாச்சும் போட்டுடப் போறாங்க."

மறுநாள் சட்டப் பிரிவில் கேட்டு வாங்கி, கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினாள்.

ஹெப்சி எழுதிய புதிய நிரல் எல்லா ஆம்புலன்ஸ்களுக்கும் போனது. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு வண்டியிலும் அதை ஏற்றினார்கள். தசரதன் வண்டியின் முறை செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. அதற்குள் மழை ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே பேஷண்ட்டின் மகன் குளிர்கிறது, ஏசியைக் குறையுங்கள் என்று கேட்டதாகத் தசரதன் போனில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஹெப்சி அப்போது மறைமலை நகரில் ஒரு பள்ளி வேனுக்குள் குனிந்து ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். வேனின் கண்ணாடிகளில் ஆவி படிந்து டிரைவருக்கு ரோடு தெரியவில்லை என்று புதிதாக ஒரு புகார் வந்திருந்தது.