பேச்சி எழுதிய ஐந்தாவது செய்தி

எங்கள் பள்ளிக்கூடத்தில் வைகை அணையின் நீர்மட்டத்தைக் கேட்காமல் எந்த நாளும் தொடங்கியதில்லை. அந்த அணைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்த்தது கிடையாது. எங்களுடையது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாயும் கம்பும். பெய்யாவிட்டால் கருவேலமரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். ஆனாலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாழ்த்துப்பாட்டும் உறுதிமொழியும் முடிந்ததும் நான் முன்னால் போய் நின்று, "இன்றைய செய்திகள்" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவிப்பேன். மைக் எல்லாம் கொடியேற்றும் நாளுக்கு மட்டும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒன்பதாம் வகுப்பு. என் அய்யா பஸ் நிற்கும் இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் பேப்பர் வந்து எங்கள் கடையில்தான் விழும். அன்றைய பேப்பரை ஊரே படித்துக் கசக்கி முடித்த பிறகு, மறுநாள் காலையில் அது எனக்குக் கிடைக்கும். ஆகவே நான் வாசித்த இன்றைய செய்திகள் எல்லாம் நேற்றைய செய்திகள். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

வாசிப்பது மட்டும்தான் நான். எழுதுவது பேச்சியம்மாள். பரளச்சிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து தினமும் நடந்து வருவாள். அவள் அப்பா, அம்மா இரண்டு பேரும் மிளகாய்க் காட்டில் கூலி வேலை. முதல் மணி அடிப்பதற்குள் பேப்பரை விரித்து, எது செய்தி, எது வெட்டிப்பேச்சு என்று பிரித்து, நாலு செய்தியை நாலு வரியில் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்துவிடுவாள். வகுப்பில் எப்போதும் அவள்தான் முதல். எழுதுகிறவளே வாசிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உதவித் தலைமையாசிரியர்தான் என்னை வாசிக்கச் சொன்னவர். அதற்கு அவர் சொன்ன காரணம், எனக்குக் குரல் கணீரென்று இருக்கிறதாம். பேச்சிக்கு என்னைவிட நல்ல குரல். ஆனால் என் சீருடைத் தாவணிக்கு நீலம் போட்டிருக்கும், அவளுடையது பழுத்துப்போயிருக்கும். அதுதான் வித்தியாசம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பேப்பரின் உள்பக்கத்து மூலையில் பேச்சியின் விரல் நின்றது. கிராமப்புறத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு திறனாய்வுத் தேர்வு நடத்துகிறது. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை படிப்புக்கு உதவித்தொகை. பாதி இடம் மாணவிகளுக்கு. விண்ணப்பங்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அனுப்பியாச்சுன்னு போட்டிருக்காக. நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்குமா?" என்றாள் பேச்சி.

மத்தியானம் இரண்டு பேருமாக உதவித் தலைமையாசிரியரிடம் போனோம். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் எட்டுப் பேருக்கு ஃபாரம் குடுத்து எழுதி வாங்கியாச்சு. இப்ப உங்களுக்கு என்ன?"

"எங்ககிட்டச் சொல்லவே இல்லையே சார்," என்றாள் பேச்சி.

"சொல்லி? அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழம அருப்புக்கோட்டைல பரீட்ச. பொட்டப்புள்ளைகள யாரு கூட்டிட்டுப் போறது, யாரு கூட்டிட்டு வாரது? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது? போங்க, போயி ஒழுங்காப் படிங்க."

அந்த எட்டுப் பேரும் பையன்கள். அதில் ஒருவன் காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஒற்றை இலக்கத்தில் மதிப்பெண் வாங்கியவன். இன்றைக்கு நினைத்தாலும் என் காது சூடாகிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, எங்கள் அப்பன்மாரிடமும் கேட்காமலே, எங்களுக்குப் பதிலாக அவரே முடிவு செய்து, அதை எங்கள் நன்மைக்கு என்று வேறு சொன்னார். போய்ப் படிக்கச் சொன்னாரே, எதற்குப் படிப்பது என்று அவர் சொல்லவில்லை.

வகுப்புக்குத் திரும்பும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். பேச்சி கொதிக்கவில்லை. "பேப்பர்ல வந்தது செய்திதான? செய்தின்னா வாசிக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வழக்கமான நாலு செய்தியோடு ஐந்தாவதாக அதையும் எழுதிக் கொடுத்தாள். நான் அணையின் நீர்மட்டத்தைச் சொன்னேன். டெல்லியைச் சொன்னேன். கிரிக்கெட்டைச் சொன்னேன். சென்னையில் பெய்த மழையைச் சொன்னேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஐந்தாவதை வாசித்தேன். "பாதி இடம் மாணவிகளுக்கு" என்ற வரியை, தாளில் ஒரு தடவைதான் எழுதியிருந்தாலும், இரண்டு தடவை வாசித்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் சலசலப்பு எழுந்தது. உதவித் தலைமையாசிரியர் வேகமாக வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். "இது யாரு எழுதுனது? இல்லாதத வாசிக்கிறியா?"

"பேப்பர்ல இருக்கு சார்," என்றேன். செய்தி வாசிக்கும் அதே குரலில்தான் சொன்னேன்.

தலைமையாசிரியர் ஓய்வு பெறப் போகிறவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் அந்த நாளை எட்டிவிட வேண்டும் என்று மட்டுமே இருந்தவர். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுவிட்ட ஒன்றைக் கேட்காததுபோல் அவராலும் இருக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, விருப்பமுள்ள பெண்கள் அலுவலகத்துக்கு வரலாம் என்றார். நாலு பேர் போனோம். ஃபாரம் பீரோவிலேயே இருந்தது. தீர்ந்துபோய்விட்டது என்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட நாங்கள் லாயக்கில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து செய்தி வாசிக்கும் வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து அணையையும் கிரிக்கெட்டையும் வாசித்தான். சாயங்காலம் அய்யா கடையில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "வாத்தியாரு வந்து சொல்லிட்டுப் போறாரு, உன் மக பெரிய மனுசியாயிட்டான்னு. எனக்கு இது தேவையா?"

அம்மா உள்ளேயிருந்து சாக்கை உதறிக்கொண்டே வந்தாள். "அவ என்ன இல்லாததயா படிச்சா? நம்ம கடையில வித்த பேப்பர்ல இருந்ததத்தான படிச்சா? கையெழுத்தப் போட்டுக் குடுங்க." அய்யா போட்டுக் கொடுத்தார்.

பேச்சியின் அப்பாவுக்குக் கையெழுத்து அவ்வளவு லேசாக இல்லை. வருமானச் சான்றிதழுக்காக இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுத் திருச்சுழித் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து, உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். பேச்சி ஓடிப் போய் வாங்கி வந்தாள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் பள்ளி விட்டதும் பேச்சி எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். தொடர்வரிசையில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "அது ஒளிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, நல்லாப் பாரு புள்ள," என்பாள். நான் தேறுவேனா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவள் தேறுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் பெயர் பேப்பரில் வரும், அதை அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் உதவித் தலைமையாசிரியர் முகத்துக்கு நேராக வாசிப்பான் என்று நான் நாள்தோறும் கற்பனை செய்துகொண்டிருந்தேன். என் கோபத்துக்கு அதுதான் பதில் என்று தீர்மானித்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கூட்டிப்போகத் தையல் டீச்சர் வந்திருந்தார். நானும் மற்ற இரண்டு பெண்களும் கடைவாசலில் நின்றோம். பேச்சியைக் காணோம். கடைக்கு வந்த அவள் காலனிக்காரப் பெண் ஒருத்திதான், உளுந்து வாங்கிக்கொண்டே சொன்னாள். "பேச்சி வியாழக்கெழமையே வயசுக்கு வந்துட்டால்ல. குச்சுக்குள்ள உக்காத்தி வச்சிருக்கு. பதினாறு நாளு ஆகணும்."

"ஒரு நாளு வந்து எழுதிட்டுப் போயி உக்காரச் சொல்லுங்க," என்றேன்.

அந்தப் பெண் வாயில் கைவைத்துச் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறினோம். தேர்வு எழுதும்போது பாதிக் கேள்விகளில் எனக்கு எழுத்தே தெரியவில்லை. அத்தனை கோபம். இந்த முறை கோபம் உதவித் தலைமையாசிரியர் மேல் இல்லை. பேச்சி மேல்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் காலனிக்கு நடந்தேன். அவள் வீட்டை ஒட்டிப் பச்சைத் தென்னங்கீற்றில் சின்னக் குச்சு கட்டியிருந்தார்கள். வாசலில் உலக்கை குறுக்கே கிடந்தது. அவள் அம்மா, "தொட்டுறாம தள்ளி நின்னு பேசு தாயி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பேச்சி மஞ்சள் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உளுந்தங்களிக் கிண்ணம் இருந்தது.

"நல்லாத் தின்னுக்கிட்டு உக்காந்திரு," என்றேன். "உனக்காகத்தான அம்புட்டுப் பேரு முன்னாடி நின்னு வாசிச்சேன்? உங்கப்பா ரெண்டு நாளு காத்துக் கெடந்தாரே, அவர நெனச்சியா? எந்திரிச்சு நாலு எட்டு வச்சா ரோடு. ஒனக்குக் காலு இல்லையா?"

வெள்ளியும் சனியும் சோறு தின்னாமல் அழுது, அம்மா காலைப் பிடித்துக் கெஞ்சி, தாய்மாமன் வந்து அதட்டிய பிறகுதான் அடங்கினாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. சான்றிதழுக்காக இரண்டு நாள் நின்ற அவள் அப்பா, அந்த உலக்கைக்கு எதிராக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவள் எதையும் சொல்லவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை தலையைக் குனிந்திருந்துவிட்டு, நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கேள்வித்தாளு கொண்டாந்திருக்கியா?"

அது என் பைக்குள்தான் இருந்தது. "எழுதாதவளுக்குக் கேள்வித்தாளு எதுக்கு?" என்றேன்.

அவள் கை குச்சு வாசல்வரை நீண்டது. பிறகு, என்னைத் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்ததுபோல், தானாகவே மடிக்குத் திரும்பிவிட்டது. "கீழ வச்சிட்டுப் போ புள்ள. நான் எடுத்துக்கிறேன்."

நான் வைக்கவில்லை. திரும்பி நடந்தேன். ஓடைப் பாலத்தில் நின்று அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். நியாயமான காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. எங்களோடு வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தேறினாள். நான் தேறவில்லை. பேச்சி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. மிளகாய்க் காட்டில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

நான் கேள்வித்தாளைக் கொடுக்காமல் திரும்பிய அன்றைக்குக் குச்சுக்குள் அவளுக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது. பேனாவும் இருந்தது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் நோட்டின் மேல் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தேர்வு முடிந்துபோன பிறகும் ஒருத்தி அந்தக் கேள்வித்தாளைக் கேட்கிறாள் என்றால் எதற்குக் கேட்கிறாள் என்பதுதான் எனக்கு அந்த வயதில் புரியவில்லை.