மழையில் ஓடை நின்றபோது

மழைக்காலத்தில் ஓடை இரைந்தால் எனக்குப் பயமில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை நின்றுபோனால்தான் பயம். வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இங்கே ஓடை ஏது, சாக்கடைதானே என்கிறார்கள். சாக்கடையானாலும் நான் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யுத்த காலத்தில் நடந்தது இது. அப்போது பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் புகையைக் கொண்டு ஓட்டினார்கள். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பஸ் ஏற்றத்தில் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். பதினான்கு பேருக்குக் குறைந்தால் அது நகராது. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எதைக் கண்டாலும் எண்ணுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, தினமும் பிள்ளைகளை எண்ணி எண்ணி, அது இன்னும் முற்றிப்போயிற்று.

அந்த பஸ்களுக்குக் கரி சுட்டவர்களில் என் அக்காவின் புருஷனும் ஒருவர். பாவா என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். கோயில் மலையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அக்காவோடும் கைக்குழந்தையோடும் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் விறகுக்கு மரம் வெட்டினால் அடிக்கட்டையை விட்டுவிடுவதுதான் வழக்கம். துரிஞ்சியானாலும் வெக்காலியானாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில வருஷம் கழித்து மறுபடி வெட்டலாம். யுத்தம் வந்ததும் அது போயிற்று. வேர்க்கட்டைக் கரி நின்று எரியும், ஏற்றத்தில் வண்டி திணறாது என்று டிரைவர்கள் அதையே கேட்டார்கள். பாவா கடப்பாரை போட்டு வேரோடு கெல்லினார். அவர் மட்டுமில்லை, அந்தக் குன்றுகளில் கரி சுட்ட எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கோடையில் நான் போனபோது அந்தச் சரிவு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. நூற்றுப் பத்துக் குழி வரை எண்ணினேன். அதற்கு மேல் பாறைகள் மறைத்தன. அந்தப் பாறைகளை இனி எது பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவின் அடியில்தான் குடிசை. குடிசைக்கு எதிரே மூட்டம்.

மூட்டம் என்பது விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு, மேலே மண்ணைப் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பது. காற்றுப் புகாமல் விறகு வேக வேண்டும். மண் எங்காவது விரிசல் விட்டால் காற்று உள்ளே போய் அத்தனையும் எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் நெருப்பு வைத்தவன் மூட்டம் வெந்து ஆறுகிற வரைக்கும் அதை விட்டு இறங்க மாட்டான். இறங்கினால் அவன் கைக்கு அடுத்த மூட்டம் வேகாது என்றும் சொல்வார்கள்.

தீபாவளி கழிந்து நல்ல வெயில் அடித்தது. மழை போய்விட்டது என்று நம்பி பாவா நெருப்பு வைத்தார். மறுநாள் வானம் மூடிக்கொண்டது. அப்புறம் மழை விடவேயில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகி லீவு விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கூரையிலிருந்து விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா சோறு தொடவில்லை. பெண்ணும் பேத்தியும் மலையில் இருக்கிறார்களே என்பதுதான் அவளுக்குக் கவலை.

ஒரு காலையில் ஆட்டுக்காரம்மா ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் குடியிருப்பவள்.

"வாத்தியாரே, ஒங்கக்கா இன்னும் மேலதான் கீறாங்களா?"

"ஆங். ஏம்மா?"

"இன்னான்னு சொல்றது. ரெண்டு நாளா என் ஆடுங்க அந்தப் பக்கம் ஏற மாட்டேங்குது. குச்சியால போட்டாலும் திரும்பிகினு வருது. அங்க கல்லு நகர்ந்துகினு கீதுங்க."

நான் குடையை எடுத்து, அதனால் பயனில்லை என்று திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பினேன். அடிவாரம் வரை ஆட்டுக்காரம்மாவோடு போனேன். அவளிடம், "ஒங்க ஊட்டு ஆம்பளைங்கள கயிறு, கடப்பாரை எடுத்துகினு வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறினேன்.

குடிசைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஓரிடத்தில் ஓடைப் பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும். வேறு வழி கிடையாது. அங்கே வந்தபோது மேலேயிருந்து கல் உருண்டு வந்துகொண்டிருந்தது. தேங்காய் அளவு, குடம் அளவு. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே எண்ணினேன். ஒருதரம் நாற்பது. அடுத்தது ஏழு. அதற்கடுத்தது இருபத்தாறு. எதிலாவது ஒரு ஒழுங்கு தெரிந்தால் எனக்குத் தைரியம் வந்துவிடும். அதில் ஒழுங்கே இல்லை. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு, அங்கே அகன்று ஓடிய கணுக்கால் தண்ணீரில் ஓடினேன். அக்கரையில் விழுந்து முழங்கால் சிராய்த்தது.

பாவா தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, மழை கரைத்த இடத்திலெல்லாம் மூட்டத்தின்மேல் சேற்றை அப்பிக்கொண்டிருந்தார். அக்கா கூடையில் மண் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தன. பக்கத்தில் ஓடை செக்கச்செவேலென்று இரைந்து ஓடியது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"வா மச்சான்! வழியில எத்தினி கல்லு? எண்ணாம வந்திருக்க மாட்டியே!"

"பாவா, பொறப்படுங்க. மல எறங்குது."

"எறங்குறதுக்கு அது இன்னா பள்ளிப்பட்டு பஸ்ஸா? எறங்கினாலும் பதினாலு பேரு தள்ளணுமே!"

"சிரிக்காதீங்க" என்றாள் அக்கா. "ராத்திரியெல்லாம் மேல கடகடன்னு கேட்டுகினே கீது. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறாரு. நீயாவது சொல்லு."

நான் சொன்னேன். ஆட்டைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன், குழிகளைச் சொன்னேன். அத்தனை குழியிலும் தண்ணீர் நிறைந்து பாறைக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். பாவா சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டார். இன்னும் இரண்டு நாளில் வெந்துவிடும், அதுவரை விட முடியாது என்றார். அக்காவையும் குழந்தையையும் நான் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

"நீங்க வராம நான் போவ மாட்டேன்" என்றாள் அக்கா.

"புடிவாதம் புடிக்காதம்மே. குடிச ஒழுவி பாப்பா நனையுது பாரு."

"நீங்கதான் புடிவாதம் புடிக்கிறீங்க."

இப்படியே அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. யாரும் கத்தவில்லை. வீட்டுக்குள் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஓடையில் தண்ணீர் இல்லை. கற்கள் பளபளவென்று வெறுமையாகக் கிடந்தன. குட்டைகளில் மட்டும் கொஞ்சம் சேறு. மழையோ அதே மழை.

"அக்கா, தண்ணி எங்க?" என்றேன்.

அவள் பார்த்தாள். மேலே சரிவைப் பார்த்தாள். மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலே எங்கேயோ சரிந்த மண் ஓடையை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று விளங்க எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பாவாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். வாத்தியார் வேலை பார்க்கிறவன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவரும் பயந்துபோனார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை மட்டும் மூட்டத்தைவிட்டு எடுபடவில்லை. சேற்றை அப்பிக்கொண்டே, "நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்" என்றார். அவர் வர மாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா மண்வெட்டியை எடுத்தாள். மண் அள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மூட்டத்தின் வயிற்றில் ஓங்கி ஒரு வெட்டு. இன்னொன்று. மூன்றாவது வெட்டில் மேல்மண் உள்ளே விழுந்தது. புகை குபீரென்று கிளம்பி, அதன் பின்னால் நெருப்பு எழுந்தது. மழையையும் மீறி எரிந்தது.

பாவா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அடிப் பாவி" என்றார்.

"ஆங், பாவிதான். இன்னும் இன்னா கீது இங்க? வாங்க."

அவர் நெருப்பைப் பார்த்தார். பிறகு குடிசைக்குள் போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து, தன் தலைக் கோணியில் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

ஓடைப் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் பாவாதான் ஒழுங்கு சொன்னார். "ஒருத்தரு ஒருத்தரா போங்க. கல்லு வந்தா ஒருத்தரோட போவட்டும்." முதலில் குழந்தையோடு நான். கல் எண்ணவில்லை, ஓடினேன். அடுத்து அக்கா. அவள் என் பக்கம் வந்து சேர்ந்து, திரும்பிக் கையை அசைத்தாள். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

முதலில் வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டுவதுபோல் கேட்டது. பிறகு கேட்டதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. தரை நடுங்கியது, பல் நடுங்கியது. பாறையும் சேறும் வேர் அறுந்த புதருமாக எங்களுக்கு எதிரே ஒரு சுவர் நகர்ந்து போயிற்று. நான் குழந்தையின்மேல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பள்ளமே இல்லை. அது சேற்றால் நிரம்பி, இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. குடிசை இருந்த பக்கம் புகை இல்லை. மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

குழந்தையின் அப்பா என்றுதான் கூப்பிடுவாள், புருஷன் பேரைச் சொல்லி அக்கா கூப்பிட்டதே கிடையாது. அப்போதும் வாயில் வரவில்லை.

"பாப்பா நைனா!" என்று அலறினாள். "பாப்பா நைனா!"

"ஆங்!"

குரல் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கீறீங்க?"

"இடுப்பு வரிக்கும் சேறு. கால ஏதோ புடிச்சிகினு கீது. வராதீங்க, வராதீங்க! நீங்க மிதிச்சா எல்லாம் எறங்கிடும்!"

அவர் சொன்னது உண்மைதான். நான் ஒரு கால் வைத்துப் பார்த்தேன், முழங்கால் வரை போயிற்று. மேலே கற்கள் உருண்டன. காலை இழுத்துக்கொண்டேன். ஆட்டுக்காரம்மா வீட்டு ஆட்கள் வருவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா நைனா!"

"ஆங். எத்தினி வாட்டிம்மே கூப்புடுவ? நான் எங்க ஓடப் போறேன்?"

முதலில் அவள் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. பிறகு மூன்று எண்ண வேண்டியிருந்தது. பிறகு ஒன்பது. நான் எண்ண வேண்டாமென்றுதான் பார்த்தேன். உதடு தானாக எண்ணியது. இருபதில் ஒருமுறை வந்தது, முனகலாக. மழை முதுகில் ஊசியாய்க் குத்தியது. குழந்தை அழுது ஓய்ந்து என் கழுத்தில் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவர் எவ்வளவு குளிர்ந்து போயிருப்பார் என்று அந்தச் சூட்டில்தான் எனக்கு விளங்கியது.

அக்கா கூப்பிட்டாள். பதில் இல்லை.

"டேய், நீ எண்ணிகினுதானே கீற? எத்தினி ஆச்சி?"

"பதினஞ்சு" என்றேன். எழுபதைத் தாண்டியிருந்தேன்.

குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன். தைரியமெல்லாம் இல்லை. எண்பது, தொண்ணூறு என்று அங்கே நின்று எண்ண என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். வயிற்றைச் சேற்றில் வைத்து, பல்லி மாதிரி ஊர்ந்து போனேன். அடியில் எல்லாம் மெதுவாக வழுக்கிக்கொண்டிருந்தது. கருகின கட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாகக் கையில் தட்டுப்பட்டன. மூட்டம் அங்கே வரை வந்திருந்தது. முதலில் அவர் தோள் கிடைத்தது. சேறு மார்பு வரை ஏறி, தலை முன்னால் சாய்ந்து, வாய் சேற்றுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. மோவாயைத் தூக்கிப் பிடித்தேன். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. கையை விட்டால் முகம் அமிழ்ந்துவிடும். காலைப் பிடித்திருந்த பாறையை என்னால் அசைக்க முடியாது. நான் செய்யக்கூடியது அந்த மோவாயைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்.

"பாப்பா நைனா!"

அவர் பேசவில்லை. நான் "ஆங்!" என்றேன்.

என் குரல் அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மறுபடி கூப்பிட்டாள், அதே மாதிரி. நான் மறுபடி "ஆங்" என்றேன். கயிறும் கடப்பாரையுமாக நாலு ஆட்கள் வந்து சேருகிற வரைக்கும் அவள் கூப்பிட்டாள், நான் பதில் சொன்னேன். இடையில் நான் எதையும் எண்ணவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் அது ஒன்றுதான்.

அவர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே சரியாகவில்லை. கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார். கரி சுடப் போகவில்லை. போகவும் அங்கே இடமில்லை. பிற்பாடு யாராவது காலைப் பற்றிக் கேட்டால், "எம் பொண்டாட்டி ஒரு மூட்டம் ஒடச்சா, அந்த அதிர்ச்சியில மலையே ஒடஞ்சி வந்துச்சி" என்பார். அக்கா சிரிக்க மாட்டாள். மழை நாளில் அவர் பின்கட்டில் இருந்தால் கூப்பிடுவாள். அவர் பதில் சொல்லத் தாமதித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை, காது நன்றாகக் கேட்கிறது. மழை பலத்தால் அடுத்த அறையிலிருந்து "டேய்" என்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை. நான் எந்த வேலையில் இருந்தாலும் உடனே "ஆங்" என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் பிந்தினால் அவள் எண்ண ஆரம்பித்துவிடுகிறாள், உதட்டுக்குள். கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். அந்த வியாதி என்னிடமிருந்து அவளுக்குத் தொற்றியதுதான். அவள் எழுபது வரைக்கும் போக நான் விட மாட்டேன். மூன்றைத் தாண்ட விட மாட்டேன்.