பெயர் நீக்கும் படிவம்

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணிக்கு டெல்லியின் ஓரத்தில், நரேலாவில் கிடைத்திருக்க வேண்டிய அரசாங்க வீடு கிடைக்காமல் போனது. அதற்கு நான் நிரப்பிக் கொடுத்த ஒரு படிவம்தான் காரணம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

டெல்லி லோதி காலனியில் அரசாங்க குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், தேர்தல் வந்தால் எனக்கும் ட்யூட்டி வந்துவிடும். பெரும்பாலும் முதல் போலிங் ஆபீசர். வருகிறவரின் பெயரைப் பட்டியலில் தேடி, அடையாளம் பார்த்து, உரக்கப் படித்து, அடிக்கோடு போடுவது என் வேலை. ஆரம்பப் பள்ளியின் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க ஒன்றையே சொல்வேன். அட்டை இல்லையா, ஆதாரைக் காட்டலாம், லைசென்ஸைக் காட்டலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எதைக் காட்டியும் பிரயோஜனமில்லை. இதைச் சொல்வதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு. ஆபீஸில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. பூத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா ஜங்புராவில் சாக்கடைக் கால்வாயை ஒட்டி, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊர். ஒரு மாநகராட்சித் தேர்தலுக்கு முந்தைய வாரம், பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் முன்னால் இரண்டு வாக்காளர் அட்டைகளை வைத்தார். ஒன்று டெல்லியில் கொடுத்தது, மற்றது ஊரில் கொடுத்தது.

"சார், ஸ்கூல்ல போயி ஓட்டு போடணும்னு சீட்டு குடுத்துட்டுப் போனாங்க. இதுல எத எடுத்துட்டுப் போறது?"

"ரெண்டு இடத்துல பேர் இருக்கா? குத்தம்மா இது. தெரியுமா உனக்கு?"

"எங்க கேம்ப்புல எல்லாருக்கும் அப்டித்தான சார் இருக்குது."

அது உண்மை. வருஷம் முழுக்க டெல்லியில் உழைப்பார்கள். ஊராட்சித் தேர்தல் என்றால் மட்டும் லீவு சொல்லிவிட்டு ரயிலேறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். அவருடைய கொழுந்தனார் முந்தைய முறை வார்டு உறுப்பினருக்கு நின்று, விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டில் தோற்றிருந்தார்.

ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், எது வேண்டும் என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"ஊருதே இருக்கட்டும் சார். இங்க என் ஓட்டு இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது? அங்க போவலன்னா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் எட்டிப் பாக்க மாட்டாங்க."

உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அவ பாட்டுக்கு வச்சிருந்துட்டுப் போறா. உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப் பார்த்தால் நீக்க வேண்டியது ஊரில் இருந்த பெயரை. இது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அது தவறாகவே படவில்லை. முப்பது வருஷம் டெல்லித் தண்ணீரைக் குடித்த பிறகும் நானே 'நம்ம ஊர்' என்று திருநெல்வேலியைத்தான் சொல்வேன். அவர் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெயர் நீக்கக் கோரும் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டெல்லி அட்டையைச் சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஊராட்சித் தேர்தலில் கொழுந்தனார் ஜெயித்தார். எங்களுக்கு ஒரு பை நிறைய வேர்க்கடலை வந்தது.

அதன் பிறகு நான் ரிட்டயராகி டெல்லியிலேயே துவாரகாவுக்கு வந்துவிட்டேன். கேம்ப்பை இடிக்க உத்தரவானபோது அந்த அம்மா மெட்ரோ பிடித்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தார். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று பார்க்க, அதிகாரிகள் முதலில் கேட்டது டெல்லி வாக்காளர் பட்டியலில் பெயர். பழைய பட்டியலில் அவர் இருந்தார். புதியதில் இல்லை.

"சார், அன்னிக்கு வெட்டுனீங்களே அந்தக் கார்டு, அதோட துண்டாச்சும் எங்கனா கெடக்குமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் அவரோடு மாற்று வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஃபைலில் நீக்கல் படிவத்தின் நகல் இருந்தது. தவறு என்னுடையது, இந்த அம்மா ஒரு நாளும் டெல்லியை விட்டுக் குடிபோகவில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினேன். அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஒரு குறையும் இல்லையே, சார். எல்லாம் சரியாக நிரப்பியிருக்கிறது" என்றார். வசிப்பிடம் என்ற இடத்தில் நான் ஊர் முகவரியை எழுதியிருந்தேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "இப்பப் புதுசா எழுதிக் குடுத்தா இங்க பேரு சேப்பாங்களா சார்?"

"சேப்பாங்க. வீட்டு அட்ரஸுக்குப் ப்ரூஃப் கேப்பாங்க."

"வீடுதான் இடிச்சிடுவாங்களே" என்றார். பிறகு பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேம்ப் இடிந்தது. அவர் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனார். வீடு கிடைத்தவர்களில் பலருக்கு இரண்டு இடத்திலும் ஓட்டு இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

துவாரகாவில் அடுத்து தேர்தல் வந்தபோது, எங்கள் பூத் எது என்று மகன் தன் போனில் தேடினான். "அப்பா, உங்க பேர் ரெண்டு இடத்துல வருது" என்றான். லோதி காலனி குவார்ட்டர்ஸ் முகவரியில் நானும் என் மனைவியும் பட்டியலில் அப்படியே இருந்தோம். குடிமாறியவுடன் பழைய பெயரை நீக்குங்கள் என்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்தவன் நான்! வெட்கமாக இருந்தது. அன்றே படிவத்தை எடுத்து, அதே அழகான கையெழுத்தில் இருவருக்கும் நிரப்பினேன். மனைவியும் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் படிவங்கள் இன்னும் கொடுக்கப்படாமல் மேசை டிராயரில்தான் இருக்கின்றன. நாளைக்கு எவனாவது எதற்காவது பழைய விலாசத்துப் பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம். போன வாரம்கூட வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.